கட்டுவதும் கலைப்பதும்: ஈஸ்ட் செல்லில் சவ்வுகள் இணையும் விதம்

நண்பர்களே, வணக்கம்.

ஈஸ்ட் செல் தான் வெளியே அனுப்ப வேண்டிய புரதங்களை நுண்பைகளில் அடைத்து ஓரத்துக்கு அனுப்புகிறது. அங்கே நுண்பையின் சவ்வும் செல்லின் சவ்வும் ஒன்றானால்தான் சரக்கு வெளியேறும். இந்த வேலையை எந்தெந்தப் புரதங்கள் பார்க்கின்றன?

1970களின் கடைசியில் அமெரிக்காவின் பெர்க்லியில் உயிரியலாளர் ராண்டி ஷெக்மனும் அவருடைய மாணவர் பீட்டர் நோவிக்கும் இதைத் தேடிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். மரபணு கெட்டுப்போனதால், 25 டிகிரியில் சாதாரணமாக வளர்ந்து, 37 டிகிரியில் முடங்கிப்போகும் ஈஸ்ட்டுகளை எடுத்துக்கொண்டார்கள். ஏற்றுமதி நின்றாலும் உற்பத்தி நிற்பதில்லை. செல் பெரிதாகவும் வழியில்லை. அதனால் அடர்த்தி கூடுகிறது. மையவிலக்கியில் சுழற்றினால் அடர்த்தியானவை கீழே இறங்கிவிடும், அவற்றைத் தனியே எடுத்துவிடலாம்! இப்படித் தேடி 1980-இல் 23 மரபணுக்களை அடையாளம் கண்டார்கள். அவற்றில் சில கெட்டுப்போன செல்களை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், போக இடமில்லாமல் நுண்பைகள் குவிந்து கிடக்கும்.

சரி, நல்ல செல்லில் என்ன நடக்கிறது? நுண்பையின் மேல் செக்4 என்ற புரதம் இருக்கிறது. எட்டுப் புரதங்கள் சேர்ந்த எக்ஸோசிஸ்ட் என்ற கூட்டம் அதை அடையாளம் கண்டு, நுண்பையைச் செல் சவ்வின் அருகே பிடித்து வைக்கிறது. அப்புறம்தான் சவ்வுகளை இணைக்கும் ஸ்நேர் என்ற புரதங்களின் முறை. நுண்பையில் இருக்கும் ஸ்நிக், செல் சவ்வில் இருக்கும் எஸ்எஸ்ஓ, கூடவே செக்9, மூன்றும் ஜிப் இழுப்பதுபோல ஒரு முனையிலிருந்து முறுக்கிக்கொண்டே வர, இரண்டு சவ்வுகளும் நெருக்கப்பட்டு ஒன்றாகின்றன.

ஆனால் ஸ்நேர்களை மட்டும் நம்பினால் ஆகாது. சோதனைக்குழாயில் தனியே விட்டால் பொருந்தாத ஜோடிகூடச் சேர்ந்துவிடும். ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் வெற்றிடப்பைகள் (வாக்யூல்கள்) ஒன்றோடொன்று இணையும்போது வி.பி.எஸ்.33 என்ற புரதம் இரண்டு பக்கத்து ஸ்நேர்களையும் அருகருகே சரியாகப் பிடித்துக் கொடுக்கிறது. இந்தப் பிடித்துக் கொடுக்கும் வேலைதான் முழுச் செயலின் உயிர் என்பது என் எண்ணம்.

இன்னொன்று: இணைவதற்கான விசை ஸ்நேர்கள் முறுக்கிக்கொள்வதிலேயே கிடைத்துவிடுகிறது. செல் தன் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழிப்பது முறுக்கை அவிழ்க்கத்தான். செக்17 கைகொடுக்க, செக்18 அதைப் பிரித்து ஸ்நேர்களை அடுத்த வேலைக்கு விடுவிக்கிறது. ஜேம்ஸ் ரோத்மன் பாலூட்டிச் செல்களில் இதே வேலைக்கான ஒரு புரதத்தைத் தனியே கண்டுபிடித்திருந்தார். 1989-இல் அதற்குப் பதிலாக ஈஸ்ட்டின் செக்18-ஐப் பாலூட்டிச் செல்களில் புரதங்களைப் பிரித்தனுப்பும் கோல்கி என்ற உறுப்பின் சவ்வுகளில் சேர்த்துப் பார்த்தார்கள். வேலை செய்தது.