எழுதாக் கடனும் மாமியின் முழங்காலும்

(சனசமூக நிலைய ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து நித்திரை முறித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பிரதம விருந்தினர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் எலும்பியல் வைத்திய நிபுணர் ஐயா அவர்களே, குத்துவிளக்கேற்றிய அதிபர் அம்மா அவர்களே, வடையும் தேநீரும் வரும் என்று நம்பியிருக்கும் இளையோரே, வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் மறதிதான், அவமரியாதை இல்லை.

மூன்று விடயம் பேசப்போகிறேன். முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சைக்கு ஒரு தேசியப் பதிவேடு, அதாவது யாருக்கு எந்த மூட்டு போட்டது, பிறகு அது என்ன ஆனது என்று நாடு முழுக்க எழுதி வைக்கும் ஏடு எதற்கு, அதில் எதை எழுதுவது, செலவு யார் தலையில். 'எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா' என்று எங்கள் அப்பு சொல்லுவார். அவர் சொன்னது வட்டிக் காசுக்கு. எனக்கு அது முழங்காலுக்கும் சரி.

சுவீடன்காரர் 1975இலேயே முழங்காலுக்கு ஏடு திறந்துவிட்டார்கள். அவுஸ்திரேலியா தொடங்கியது 1999இல். ஒரு வகைச் செயற்கை இடுப்பு மூட்டு காலத்துக்கு முன்பே பழுதாவதை அந்த ஏடு காட்டிக்கொடுத்தது. 2009இல் அங்கே அதை நிறுத்தினார்கள். 2010இல் உலகம் முழுக்கத் திருப்பி அழைத்தார்கள். ஒரு வைத்தியருக்குத் தன்னிடம் வந்த நாலு பேரைத்தான் தெரியும். ஏட்டுக்கு எல்லாரையும் தெரியும்.

எங்கள் மாமியின் கதையைக் கேளுங்கள். வலது முழங்கால் மாற்றி ஒன்பது வருடம். படி ஏறினால் உள்ளே 'டக்' என்று சத்தம். எக்ஸ்ரேயைப் பார்த்த டொக்டர், "அம்மா, என்ன மூட்டு போட்டது, என்ன அளவு?" என்றார். மாமி என்னைப் பார்த்தா, நான் மாமாவைப் பார்த்தேன். வெட்டிய இடத்தில் கேட்டால் பைலைக் கறையான் தின்றுவிட்டதாம். "பஞ்சாங்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்" என்றா மாமி. வீட்டுக்கு ஓடினோம். பழைய வாக்கிய பஞ்சாங்கம், பங்குனி மாதம், மாமியின் குண்டுக் கையெழுத்து: நட்சத்திரம், ராகுகாலம் கழிந்து தியேட்டருக்குப் போன நேரம், ஓட்டோக் கூலி, கஞ்சி கொண்டுவந்தவர்களின் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. மூட்டின் பெயர் மட்டும் இல்லை! எழுதாக் கடன்.

இத்தனைக்கும் மூட்டுப் பெட்டியோடு ஸ்டிக்கர்கள் வரும். கம்பனி, அளவு, எந்தத் தொகுதியில் செய்தது என்று காட்டும் லொட் இலக்கம் எல்லாம் அதில் உண்டு.

இரண்டாவது விடயம். போட்ட மூட்டு பழுதாகி மறுபடி வெட்டியதை மட்டும் எண்ணுகிற ஏடு போதாது. வலியோடு வீட்டில் முடங்கியவர் அதில் வெற்றிக் கணக்கில் போய்விடுவார். ஆகவே நோயாளியிடமும் கேட்க வேண்டும்: கோயிலில் சப்பாணி கட்டி இருக்க முடிகிறதா என்றும் தமிழில் கேட்க வேண்டும். அடையாள அட்டை இலக்கமும் கவனம். பழையதில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 இலக்கம். இரண்டையும் பொருத்திப் பார்க்காவிட்டால் ஒரே மாமி ஏட்டில் இரண்டு மாமியாகிவிடுவா.

செலவு பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியடிக்கிறார். ஏடு வரும்போது வரட்டும். அதுவரை அந்த ஸ்டிக்கரில் ஒன்றை நோயாளியின் கிளினிக் கொப்பியில் ஒட்டிக் கொடுங்கள் என்பதுதான் என் மனு. நிபுணர் ஐயா தலையாட்டுகிறார், எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். கையெழுத்துத் தாள் வாசலில், செருப்புக் கழற்றும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. பேனையைத் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள்.