அந்த நாள் நிஜமாவே அவ்வளவு நல்லா இருந்துச்சா?

உங்க வாழ்க்கையில ஒரே ஒரு நாளைத் திரும்ப வாழலாம்னு வரம் கிடைச்சா, எந்த நாளை எடுப்பீங்க? வீடியோவை நிறுத்திட்டு யோசிங்க.

எடுத்தாச்சா? சரி, அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கு என்ன பண்ணிட்டு இருந்தீங்க?

பாதிப் பேர் முழிப்பீங்க! நாள் முழுக்க கண்ணு முன்னாடி நிக்குதுன்னு சத்தியம் பண்ணுவோம்; தோண்டிப் பார்த்தா நாலஞ்சு காட்சிதான் தேறும். மிச்சமெல்லாம் எங்க போச்சு? இதுக்கு ஒரு துப்பு கிடைச்ச இடம் இருக்கே... சாப்பிட்டுட்டு இருந்தா தட்டைக் கொஞ்சம் தள்ளி வச்சுடுங்க. கொலோனோஸ்கோபி!

[திரையில்: ஏறி இறங்கும் வலிக் கோடு]

ஆமாங்க, ஆசனவாய் வழியா கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற அதே பரிசோதனைதான். டொனால்ட் ரெடல்மையர்னு ஒரு டாக்டர், கூட டேனியல் கானமன். 2002ல பொருளாதார நோபல் வாங்கின உளவியலாளர் அவர். ரெண்டு பேரும் 1996ல வெளியிட்ட ஆய்வு இது. பரிசோதனை நடக்கும்போதே, நிமிஷத்துக்கு ஒரு தடவை வலியைப் பத்துக்கு எவ்வளவுன்னு குறிக்கச் சொன்னாங்க. பாவம், அந்த நிலைமையில மார்க் வேற போடணும்!

சிலருக்கு 4 நிமிஷத்துல முடிஞ்சுது. சிலருக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல. ரொம்ப நேரம் படுத்திருந்தவங்கதான் பின்னாடி அதிகமா புலம்பணும், இல்லையா? அதான் இல்லை. எவ்வளவு நேரம் நடந்ததுங்கிறது ஞாபகத்துல கிட்டத்தட்ட ஒட்டவே இல்லை. உச்சத்துல எவ்வளவு வலிச்சுது, கடைசியில எவ்வளவு வலிச்சுது, இந்த ரெண்டுதான் நின்னுச்சு.

இன்னும் வேடிக்கை கேளுங்க. 2003ல வந்த அடுத்த ஆய்வுல, சிலருக்கு வேலை முடிஞ்சப்புறமும் குழாயை உருவாம, அசைக்காம, கொஞ்ச நேரம் விட்டு வச்சாங்க. கணக்குப் பார்த்தா கூடுதல் அவஸ்தை. ஆனா முடிவு மென்மையா இருந்ததால, 'அவ்வளவு மோசமில்லை'ன்னு சொன்னது இவங்கதான்! எனக்கு இந்த இடம் எத்தனை தடவை படிச்சாலும் சிரிப்பு வருது.

நல்ல நாளுக்கும் பெரும்பாலும் இதே கத்தரிதான்னு நினைக்கிறேன். வரிசையில நின்னது, கால் வலிச்சது, யாரோ முறைச்சது, எல்லாம் வெட்டுப்பட்டுப் போகும். கலிபோர்னியாவுல சைக்கிள் பயணம் போன மாணவர்களை வச்சு 1997ல ஒரு ஆய்வு வந்துச்சு. வழியில புலம்பல்; வீடு திரும்பினதும் 'சூப்பர் ட்ரிப்பு'. நம்ம எல்லாரும் அந்தக் கும்பல்தான்.

இன்னொண்ணு, வேகமா சொல்லிடறேன். 2000ல கரீம் நாடர்ங்கிற மூளை ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் எலிகளுக்கு ஒரு சத்தத்தோட ஷாக் கொடுத்துப் பயம் பழக்கினாங்க. அப்புறம் அந்தச் சத்தத்தைத் திரும்பக் கேட்க வச்ச உடனே, புதுப் புரதம் உருவாகாம தடுக்கிற மருந்தை, பயத்தைக் கையாளுற மூளைப் பகுதியான அமிக்டலாவுல போட்டாங்க. பயம் பெரும்பாலும் காணாம போச்சு. ஞாபகப்படுத்தாம மருந்து மட்டும் கொடுத்தா ஒண்ணும் ஆகலை. அதாவது, ஒரு ஞாபகத்தை எடுக்குறப்போ அது கொஞ்ச நேரம் இளகிப்போய், திரும்ப இறுக வேண்டியிருக்கு; அதுக்குத்தான் அந்தப் புரதம் தேவை. அந்த இடைவெளியில புதுசா ஏதாவது கலக்கலாம். அப்போ, நீங்க அடிக்கடி எடுத்துக் கொஞ்சுற நாளுக்குத்தான் மாற வாய்ப்பும் அதிகம்!

நம்பலையா? அன்னைக்கு உங்ககூட இருந்தவங்களுக்கு இப்பவே போன் போடுங்க. பேசி வச்சுக்காம, ரெண்டு பேரும் தனித்தனியா அந்த நாளை எழுதுங்க. அப்புறம் ஒத்துப் பாருங்க. யார் என்ன சட்டை போட்டிருந்தாங்கங்கிறதுலயே சண்டை வரும். வந்தா நான் பொறுப்பில்லை, ஆனா சண்டை எதுல ஆரம்பிச்சுதுன்னு மட்டும் எனக்கு எழுதிடுங்க.