பெரிய பொட்டாசியம் போகிறது, சிறிய சோடியம் ஏன் போகவில்லை?

ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "செல் சவ்வில் பொட்டாசியம் கால்வாய் என்று ஒரு புரதம் இருக்கிறது. பொட்டாசியத்தைவிட சோடியம் அயனி சின்னது. பெரியது நுழையும் வழியில் சின்னது ஏன் நுழைய முடியவில்லை?"

அருமையான கேள்வி. நீங்கள் சொன்ன அளவு சரிதான். சோடியத்தின் ஆரம் சுமார் 0.095 நானோமீட்டர், பொட்டாசியத்துக்கு 0.133. கால்வாயைச் சல்லடையாக நினைத்தால் இதற்கு விடையே கிடையாது. நானும் படிக்கிற காலத்தில் இதே இடத்தில் நின்றிருக்கிறேன்.

நாம் கணக்கில் சேர்க்காமல் விடுவது தண்ணீரை. கரைசலில் எந்த அயனியும் தனியாக இருக்காது. சோடியம், பொட்டாசியம் போன்ற நேர் அயனி என்றால், நீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்ஸிஜன் பக்கத்தை அதன் பக்கம் திருப்பிச் சுற்றி ஒட்டிக்கொண்டிருக்கும். அதை விட்டுவிட்டு சவ்வின் கொழுப்புக்குள் புக நிறைய ஆற்றல் வேண்டும். ஆக்ஸிஜனும் கார்பன் டை ஆக்சைடும் சவ்வைச் சுலபமாகக் கடக்க, அயனிகளுக்கு மட்டும் தனி வழி தேவைப்படுவது இதனால்தான்.

சரி, கால்வாய்க்குள் போவோம். அதன் மிகக் குறுகலான பகுதிக்குள் தண்ணீரை உதறிவிட்டுத்தான் நுழைய முடியும். அங்கே புரதச் சங்கிலியின் ஆக்ஸிஜன் அணுக்கள் உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. அயனி உட்காரும் ஒவ்வொரு இடத்திலும் மேலே நான்கு, கீழே நான்கு. பொட்டாசியம் நடுவில் வந்து உட்கார்ந்தால் எட்டும் சரியான தூரத்தில் அதைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரை விட்டதில் செலவான ஆற்றல் இங்கே திரும்பக் கிடைத்துவிடுகிறது.

சோடியம் வந்தால்? பெரிய மோதிரம் சின்ன விரலில் ஆடுமே, அப்படி. எட்டு ஆக்ஸிஜனும் ஒரே சமயத்தில் அதைச் சரியாகப் பிடிக்க முடியாது. போதாக்குறைக்கு, சின்ன அயனி என்பதால் அது தண்ணீரைப் பொட்டாசியத்தைவிட இறுக்கமாகப் பிடித்திருக்கும். உதறவும் செலவு அதிகம், உள்ளே கிடைப்பதும் குறைவு. அதனால் அது வெளியிலேயே நின்றுவிடுகிறது.

1998-இல் ராடரிக் மெக்கின்னன் குழு, ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் கால்வாயை எக்ஸ் கதிர் மூலம் ஆராய்ந்து இந்த அமைப்பைக் காட்டியது. 2003-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது. எனக்கு இதில் தீராத வியப்பு வேகம்தான். இவ்வளவு கறாராகப் பார்த்து விடும் வழியில் நொடிக்குப் பத்துக் கோடி அயனிகள் வரை போகும்! வரிசையாக நிற்கும் பொட்டாசியங்கள் எல்லாம் நேர் மின்னூட்டம் கொண்டவை. பின்னால் ஒன்று வந்து சேர்ந்ததும் முன்னால் இருப்பது தள்ளப்பட்டு வெளியேறிவிடும். இதற்கு ஏடிபி (செல் ஆற்றலுக்காகச் செலவழிக்கும் மூலக்கூறு) செலவே இல்லை. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்புக்குத்தான் ஏடிபி வேண்டும். அது வேறு புரதம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்புறம், சோடியம் கால்வாய் எப்படி என்று கேட்பீர்கள். அங்கே வழி கொஞ்சம் அகலம். சோடியம் தன் தண்ணீரில் ஒரு பகுதியை விடாமலே கடந்து போய்விடும்.