உழைப்பாளர் சிலை: பெயரில் நிற்கும் ‘ர்’
(மே நாளையொட்டிக் குன்னூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவர்க்கும் வணக்கம். மலையில் நடக்கும் மே நாள் கூட்டத்தில் கடற்கரைச் சிலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சென்னைக்குப் போய்வந்த நம்மவர் பலர் வீட்டில் அந்தச் சிலையின் முன் எடுத்த படம் ஒன்றாவது இருக்கும் என்ற துணிவுதான் காரணம்.

சென்னைக் கலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை 1929இல் ஏற்ற தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த அந்த வெண்கலச் சிலை, காமராசர் முதலமைச்சராக இருந்த 1959இல், சனவரி மாதம் திறக்கப்பட்டது. அதற்கு 36 ஆண்டுகள் முன்னர், 1923 மே 1 அன்று, சென்னைக் கடற்கரையில்தான் சிங்காரவேலர் மே நாள் கூட்டம் நடத்தினார். இடப்பொருத்தத்தில் குறையில்லை. என் பேச்சு பெயரைப் பற்றியது.

ஆங்கிலத்தில் அதற்கு ‘ட்ரயம்ப் ஆஃப் லேபர்’, அதாவது உழைப்பின் வெற்றி என்று பெயர். ‘ட்ரயம்ப்’ இலத்தீன் வழி வந்த சொல். போரில் வென்ற ரோமானியத் தளபதி தேரேறி நகருக்குள் வரும் பவனியைக் குறித்தது. வாகை சூடிய வேந்தனுக்குரிய அந்தச் சொல்லை, இடுப்புத் துணியோடு பாறையைப் பெயர்க்க முயலும் நால்வருக்குக் கொடுத்தது பெரிய காரியந்தான். ஆனால் சற்று நின்று பாருங்கள்: பாறை இன்னும் பெயரவில்லை.

பர்லியார் அருகே ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து வண்டிகள் நின்றுவிட்டன. சாலைப் பணியாளர் நால்வர் ஒரு பாறைக்கடியில் கடப்பாரையைச் செருகினார்கள். மூத்தவர் “தம் கட்டு” என்றார். அந்த நொடியில் பேச்சில்லை, மூச்சுமில்லை. கழுத்து நரம்பு மட்டும் புடைத்து நின்றது. பாறை உருண்டதும் ஒருவர் பீடி தேடினார், அவ்வளவுதான். ராய் சௌத்ரி வெண்கலத்தில் நிறுத்தியது உருண்ட நொடியை அன்று, தம் கட்டிய நொடியை. ஆங்கிலப் பெயரோ அதற்கு அடுத்த நொடியைச் சொல்லிவிடுகிறது.

தமிழில் வழங்கும் பெயர் வெற்றியைப் பற்றி வாய் திறப்பதில்லை. உழைப்பு என்ற பண்பையும் விட்டு, உழைப்பவரைப் பிடித்துக்கொண்டது. ‘உழைப்பாளி சிலை’ என்றிருந்தால் ஓர் ஆளோடு நின்றிருக்கும். ‘உழைப்பாளர்’ என்னும்போது அந்த ‘ர்’ பலரையும் குறிக்கிறது, மரியாதையும் தருகிறது. வகுப்பில் பலர்பால் விகுதி என்று ஒப்பித்துவிட்டு மறந்துபோன எழுத்து அது.

இன்னொன்றும் உண்டு. சிலையில் உள்ள நால்வரும் ஆண்கள். பலர்பாலுக்கு அந்தக் கட்டு இல்லை; ஆணும் பெண்ணும் அதற்குள் அடக்கம். நாளைக் காலை தோட்டத்துப் பக்கம் போகிறவர்கள், எடை போடும் இடத்தில் கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்ப்பீர்கள். வெண்கலத்தில் அவர்களுக்கு இடமில்லை; தமிழ்ப் பெயரில் இருக்கிறது.