இருபத்து நான்கா, இருபத்தைந்தா? அத்லெடிக் பில்பாவோவின் கோப்பைக் கணக்கு

அனைவருக்கும் வணக்கம். இன்று வேறொரு காணொளி வருவதாக இருந்தது. அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டேன். காரணம், என் பின்னால் தெரிகிற இந்தச் சுவரொட்டிதான். ஸ்பெயினின் கால்பந்துக் கிளப்பான அத்லெடிக் பில்பாவோ வென்ற கோப்பைகளின் பட்டியல் என்று சொல்லி விற்றார்கள். விலை 1,150 ரூபாய். சட்டம் போட மேலும் 700 ரூபாய் ஆயிற்று. தாள் அருமையான தாள், சிவப்பும் வெள்ளையும் சரியான அளவில் அச்சாகியிருக்கின்றன. ஆனால் நடுவில் கொட்டை எழுத்தில் 'கோபா டெல் ரே: 24' என்று இருக்கிறது. கோபா டெல் ரே என்றால் ஸ்பெயினின் அரசர் கோப்பைத் தொடர். விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டேன். 'அதிகாரபூர்வமான எண் இதுதான்' என்று ஒரே வரியில் பதில் வந்தது. 1,850 ரூபாய் கொடுத்தவனுக்கு ஒரு வரி! பட்டியல் விஷயத்தில் என் பிடிவாதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே இன்றைய காணொளி முழுவதும் அந்த எண்ணைப் பற்றியதே.

ஸ்பெயின் கால்பந்துச் சம்மேளனத்தின் கணக்கில் அத்லெடிக் வென்ற கோபா டெல் ரே கோப்பைகள் 24. கிளப்பின் சொந்தக் கணக்கிலோ 25. இடையில் நிற்பது 1902-ஆம் ஆண்டு. பதின்மூன்றாம் அல்போன்சோ பதினாறு வயதில் அரியணைப் பொறுப்பை ஏற்றதைக் கொண்டாட மாட்ரிட்டில் ஒரு போட்டித் தொடர் நடத்தப்பட்டது. அதன் இறுதியாட்டத்தில் பார்சிலோனாவை 2-1 என்று வீழ்த்திய அணியின் பெயர் விஸ்கயா. அத்லெடிக்கும், அதே ஊரில் இருந்த பில்பாவோ எஃப்.சி. என்ற இன்னொரு கிளப்பும் தங்கள் ஆட்டக்காரர்களைச் சேர்த்து அனுப்பிய கூட்டணி அது. மறு ஆண்டே அந்த இன்னொரு கிளப் அத்லெடிக்கோடு இணைந்துவிட்டது. கோப்பை இன்றும் அத்லெடிக்கின் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. பெயர் விஸ்கயா என்பதாலும், முறையான தொடர் 1903-இல்தான் தொடங்கியது என்பதாலும் அதைச் சேர்க்க முடியாது என்பது சம்மேளனத்தின் நிலைப்பாடு.

சரி, விதி விதிதான் என்று நானும் விட்டிருப்பேன், 1904 மட்டும் இல்லாமல் இருந்தால். அந்த ஆண்டு மாட்ரிட் அணிகள் தங்களுக்குள்ளேயே வழக்கடித்துக்கொண்டு ஆட்டங்களை முடிக்காமல் இழுத்தடிக்க, முந்தைய சாம்பியனான அத்லெடிக் ஒரு பந்தைக்கூட உதைக்காமல் கோப்பையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியது. அது கணக்கில் இருக்கிறது! களத்தில் இறங்கி, பார்சிலோனாவைத் தோற்கடித்து வாங்கியது கணக்கில் இல்லை. ஆடாமலே கிடைத்தது கணக்கில் இருக்கிறது. இதற்கு யாராவது எனக்கு ஒரு நியாயம் சொல்லட்டும். என்னைக் கேட்டால் எண் 25தான். நாளைக்கே சுவரொட்டியில் அந்த 4-இன் மீது 5 என்று ஒரு தாளை ஒட்டப்போகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு விளக்கம். இந்தக் கிளப்பின் கோப்பைகளை மற்றவர்களுடையதைப் போல எடைபோட முடியாது. ஸ்பெயினின் வடக்கே பில்பாவோவைச் சுற்றியுள்ள பாஸ்க் நிலப்பகுதியில் பிறந்தவர்கள் அல்லது அங்கே கால்பந்து கற்று வளர்ந்தவர்கள் மட்டுமே இங்கே ஆடலாம். நவார்ராவும் பிரான்சின் பக்கமுள்ள பாஸ்க் பகுதியும் இதில் அடக்கம். கிளப்பின் சட்டதிட்டங்களில் எழுதப்படாத இந்த வழக்கம் நூறாண்டுகளைக் கடந்து நிற்கிறது. பணத்தைக் கொட்டி உலகெங்கும் ஆள் பிடிக்கும் கிளப்புகளைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதை முந்தைய காணொளிகளில் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு நடுவில், ஸ்பெயினின் முதல் பிரிவிலிருந்து ஒருமுறைகூடக் கீழே இறங்காத கிளப்புகள் மூன்றுதான்: ரியல் மாட்ரிட், பார்சிலோனா, அத்லெடிக்.

லீக் பட்டங்கள் எட்டு. அவற்றில் சண்டை எதுவும் இல்லை, ஆகவே வேகமாகக் கடந்துவிடலாம். 1930, 1931, 1934, 1936, 1943, 1956, 1983, 1984. இவற்றில் 1929-30 பருவத்தில் ஆடிய 18 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. அப்போதைய பயிற்சியாளர் இங்கிலாந்துக்காரரான ஃப்ரெட் பென்ட்லாண்ட். அவருடைய ஆட்கள் 1931 பிப்ரவரியில் பார்சிலோனாவை 12-1 என்று நொறுக்கினார்கள். பாத்தா என்ற ஒரே ஆட்டக்காரர் ஏழு கோல்கள் அடித்தார். லீக் ஆட்டங்களில் பார்சிலோனா கண்ட மிகப் பெரிய தோல்வி இன்றுவரை அதுதான். 1930 முதல் 1933 வரை தொடர்ந்து நான்கு கோபாக்களையும் பென்ட்லாண்டின் அணியே வென்றது.

ஆனால் எனக்கு லீக்கைவிடக் கோபாவே உயிர் என்பதால் 1958-க்குப் போய்விடுகிறேன். அந்த ஆண்டின் இறுதியாட்டம் பெர்னபேவு மைதானத்தில் நடந்தது. எதிரணி ரியல் மாட்ரிட், அதாவது மைதானத்தின் சொந்தக்காரர்கள், அதற்கு மேல் அப்போதைய ஐரோப்பிய சாம்பியன்கள். 'பதினோரு நாட்டுப்புறத்தான்கள்' என்று பின்னாளில் பெயர் பெற்ற அத்லெடிக் அணி 2-0 என்று வென்று, அப்போதைய சர்வாதிகாரி ஃபிராங்கோவின் பெயர் தாங்கிய கோப்பையைத் தூக்கிக்கொண்டு பில்பாவோவுக்குப் போனது. தொடர் ஒன்றேதான், ஆட்சிக்கு ஆட்சி பெயரை மாற்றினார்கள். அரசர் கோப்பை, குடியரசுத் தலைவர் கோப்பை, ஃபிராங்கோ கோப்பை எல்லாவற்றையும் சம்மேளனம் ஒரே கணக்கில் எழுதிக்கொள்கிறது. பெயர் மாறினால் பாதகமில்லையாம், விஸ்கயா என்ற பெயருக்கு மட்டும் இடமில்லையாம்!

1984-இல் லீக்கும் கோபாவும் ஒரே ஆண்டில் வந்தன. கோபா இறுதியில் மாரடோனா ஆடிய பார்சிலோனாவை எந்திகாவின் ஒற்றை கோலால் வென்றார்கள். ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் கைகலப்பில் இறங்கியதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதன் பிறகு வந்தது வறட்சி. 1985, 2009, 2012, 2015 இறுதிகளில் தோல்வி. பிறகு 2021 ஏப்ரலில், பெருந்தொற்றால் தள்ளிப்போன 2020 இறுதியிலும், 2021-க்குரிய இறுதியிலும் ஒரே மாதத்துக்குள் இரண்டு தோல்விகள். முதலாவது பரம எதிரியான ரியல் சோசியதாதிடம். அந்த ஏப்ரலைப் பற்றி இதற்குமேல் நான் பேச மாட்டேன்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஏப்ரல் 6 அன்று செவில்லா நகரில் மயோர்காவுக்கு எதிரான இறுதி. தானி ரோத்ரிகேஸ் முதலில் அடித்தார். இடைவேளைக்குப் பின் சான்செட் சமன் செய்தார். கூடுதல் நேரமும் தீர்ந்து பெனால்டிக்குப் போனது. பெனால்டியால் ஒரு பட்டத்தைத் தீர்மானிப்பது எனக்கு அறவே பிடிக்காது என்பதை அறிவீர்கள். அன்று ஒரு நாள் மட்டும் அந்தக் கொள்கையைப் பரணில் தூக்கிப் போட்டேன். கோல்கீப்பர் அகிர்ரெசாபாலா ஒன்றைத் தடுத்தார், எதிரணியின் இன்னொன்று இலக்கைத் தவறியது, பெரெங்கர் கடைசிப் பந்தை வலைக்குள் அனுப்பினார். 4-2.

ஐந்து நாள் கழித்துக் கபார்ரா கிளம்பியது. அட, கபார்ரா என்ன என்பதையே சொல்லவில்லையே! சரக்கு ஏற்றும் தட்டையான படகு அது. 1983-இல் லீக் வென்ற அணியை அதில் ஏற்றி நெர்வியோன் ஆற்றின் வழியே ஊருக்குள் அழைத்து வந்தார்கள், 1984-லும் அப்படியே. அதற்குப் பிறகு அது நகரவே இல்லை. 2015-இல் சூப்பர் கோப்பை ஆட்டத்தில் அதூரிஸ் ஹாட்ரிக் அடித்துப் பார்சிலோனாவை 4-0 என்று சாய்த்தபோதுகூட அதை எடுக்கவில்லை. சூப்பர் கோப்பைக்கெல்லாம் கபார்ரா கிடையாது என்ற அந்தக் கறார்த்தனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 2024-இல் இரு கரைகளிலும் லட்சக்கணக்கானோர் நிற்க, வில்லியம்ஸ் சகோதரர்களான இனியாகியும் நிகோவும் அந்தப் படகில் வந்தார்கள்.

ஐரோப்பிய அளவில் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. 1977-இல் இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கோல்கள் சமமாக இருந்தும், எதிரணி மைதானத்தில் அதிக கோல் அடித்தவர்களுக்கே வெற்றி என்ற வெளிமைதான கோல் விதியால் யூஃபா கோப்பை யுவென்டஸிடம் போனது. 2012 யூரோப்பா லீக் இறுதியில் அத்லெடிகோ மாட்ரிட்டிடம் 3-0 தோல்வி. அந்த அத்லெடிகோவை 1903-இல் தொடங்கியவர்கள் மாட்ரிட்டில் இருந்த பாஸ்க் மாணவர்கள்தான். பில்பாவோ கிளப்பின் கிளையாகவே தொடங்கினார்கள்.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. மகளிர் அணி ஐந்து முறை ஸ்பெயின் லீக்கை வென்றிருக்கிறது: 2003, 2004, 2005, 2007, 2016. சுவரொட்டி தயாரித்தவர்களுக்கு இது நினைவுக்கே வரவில்லை. அந்த ஐந்து பருவங்களையும் வரிசையாக எடுத்து, அடுத்த வெள்ளிக்கிழமை தனியாகப் பேசுகிறேன்.