ராஜா ஆளு எழுதின பாட்டு ராஜாவையே கவுத்த கதை | பிரான்ஸ் தேசிய கீதம் உருவானது எப்படி?

வணக்கம் மக்களே. ஜூலை 14 அன்னிக்கு பாண்டிச்சேரி பீச் ரோடு பக்கம் போனீங்கன்னா ஒரு விஷயம் பாக்கலாம், பிரெஞ்சு ராணுவத்துல இருந்து ரிட்டையர் ஆன நம்மூரு பெரியவங்க கோட்டு மேல மெடல் எல்லாம் குத்திக்கிட்டு போர் நினைவுச் சின்னத்துல மலர்வளையம் வெப்பாங்க, நம்ம தேசிய கீதத்தோட பிரான்ஸ் தேசிய கீதமும் அங்க ஒலிக்கும். லா மார்செய்யேஸ்.

கேக்கும்போதே உடம்பு முறுக்கேறும், அப்படி ஒரு ட்யூன். ஆனா வரிக்கு அர்த்தம் கேட்டா ஆடிப்போயிடுவீங்க, எதிரியோட அசுத்த ரத்தம் நம்ம வயக்காட்டு வரப்புல பாயட்டும்னு கோரஸ்லயே வருது. ஸ்கூல் பசங்க பாடுற பாட்டுல!

இது புரட்சிப் பாட்டு, புரட்சிக்காரங்க எழுதினதுன்னுதான் எல்லாரும் நெனச்சிட்டு இருக்கோம். எழுதினவரு, எழுதச் சொன்னவரு, யாருக்கு சமர்ப்பணம் பண்ணாங்களோ அவரு, இந்த மூணு பேரும் என்ன ஆனாங்கன்னு பாத்தா கதையே வேற.

[திரையில்: 1792, ஸ்ட்ராஸ்பூர்க், ரைன் ஆறு]

டைமிங்க மொதல்ல பிடிச்சுக்கோங்க. பாஸ்டில் சிறைய ஜனங்க உடைச்சது 1789ல. பாட்டு வந்தது 1792 ஏப்ரல்ல. இந்த மூணு வருஷமும் பதினாறாம் லூயி ராஜாவாத்தான் இருக்காரு, அதிகாரத்த வெட்டியாச்சு, அரசியல் சட்டம் போட்டாச்சு, குடும்பத்தோட தப்பிச்சு ஓடப் பாத்து நடுவழியில மாட்டி திரும்பக் கூட்டிட்டு வந்தும் ஆச்சு, இருந்தாலும் ராஜா ராஜாதான். ஏப்ரல் 20ஆம் தேதி ஆஸ்திரியா மேல போர்னு சபையில வந்து சொன்னதே அவருதான்.

அந்த சேதி எல்லையில இருக்குற ஸ்ட்ராஸ்பூர்க்குக்கு வர்றதுக்கு அஞ்சு நாள் ஆகுது. ஆத்துக்கு இந்தக் கரை பிரான்ஸ், அந்தக் கரை ஜெர்மன் சீமை, அதனால சண்டைன்னா மொத அடி இந்த ஊருக்குத்தான். அங்க மேயரா இருந்தவரு டீட்ரிக். இவரு பாரன் (Baron) பட்டம் இருந்த பிரபு, இரும்பு உருக்காலை வெச்சிருந்த பணக்காரக் குடும்பம், கனிமங்களப் பத்தி ஆராய்ச்சி எல்லாம் பண்ணவரு, நல்லாப் பாடவும் செய்வாரு. இவரோட அரசியல் என்னன்னா ராஜாவும் இருக்கணும், சட்டமும் இருக்கணும்.

இவரு வீட்டுல எப்பவும் விருந்தாளிங்க கூட்டம். அப்படி வந்து போறவங்கள்ல ஒருத்தர்தான் ரூஜே த லீல், இஞ்சினியர் படைப்பிரிவு கேப்டன், 31 வயசு, கவிதை எழுதுவாரு, வயலின் வாசிப்பாரு, ஆனா பெரிய பேரு எதுவும் கிடையாது. ஏப்ரல் 25 அன்னிக்கு மேயர் இவர்கிட்ட, நம்ம படைக்குன்னு ஒரு பாட்டு எழுதிக் குடுங்களேன்னு கேக்குறாரு. மனுஷன் ரூமுக்குப் போனாரு, அதே ராத்திரி முடிச்சிட்டாரு.

ஒரே ராத்திரியா, அதெப்படின்னு கேட்டா, பாதி சரக்கு தெருவுலயே இருந்துச்சு. "ஆயுதம் எடுங்க குடிமக்களே"ங்குற வரி இருக்குல்ல, அந்த டைம்ல அந்த ஊரு அரசியல் சங்கம் ஒட்டின போஸ்டர்லயே கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. நம்ம கேப்டன் அதெல்லாம் படிச்சு மனசுல போட்டு வெச்சிருந்திருக்காரு. அதே மாதிரி அஞ்சாவது சரணத்துல புய்யேன்னு ஒரு ஆளப் பேரு சொல்லியே திட்டுறாரு, ராஜா தப்பிச்சு ஓட பிளான் போட்டுக் குடுத்த தளபதி அவரு. ஒரு நாட்டோட தேசிய கீதத்துல தனி ஆள இப்படி இழுத்து திட்டிருக்குறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ஆனா விழாவுல எல்லாம் மொத சரணத்தத்தான் வழக்கமாப் பாடுறாங்க, அதனால இந்த ஆளு தப்பிச்சாரு.

[திரையில்: பில்ஸ் வரைஞ்ச ஓவியம்]

இந்தப் படத்த எங்கயாவது பாத்திருப்பீங்க, கேப்டன் நெஞ்ச நிமித்தி கைய விரிச்சுப் பாடுறாரு, சுத்தி எல்லாரும் மெய்மறந்து கேக்குறாங்க. இது வரைஞ்சது 1849ல, அதாவது சம்பவம் நடந்து 57 வருஷம் கழிச்சு! மேயரோட மனைவி தன் கூடப் பொறந்தவருக்கு எழுதினதா பிரபலமான ஒரு லெட்டர் இருக்கு, அதுல பாடினது தன் வீட்டுக்காரருன்னு இருக்கு. வீட்டுக்கு எப்பப் பாத்தாலும் ஆளுங்க வர்றாங்க, பேச்ச மாத்த ஏதாவது புதுசா கண்டுபிடிக்க வேண்டியிருக்கு, அதனால இவரு ஒரு பாட்டு போடச் சொன்னாருங்குற தொனியிலதான் அந்த லெட்டரே போகுது. வாத்தியங்களுக்கு தகுந்தபடி நோட்ஸ் எழுதிக் குடுத்தது அந்தம்மாதான். ஓவியத்துல இதுக்கெல்லாம் கிரெடிட் எங்க இருக்கு.

அப்புறம் அச்சடிச்சாங்க. தலைப்பு "ரைன் படைக்கான போர்ப் பாட்டு", தளபதி லுக்னருக்கு சமர்ப்பணம், எழுதினவரு பேரு போடவே இல்ல. அதனாலதான் ட்யூன் இவரோடதுதானா, வேற யாராவது போட்டதான்னு இன்னிக்கு வரைக்கும் பஞ்சாயத்து ஓடிட்டு இருக்கு.

சரி, ஸ்ட்ராஸ்பூர்க்ல பொறந்த பாட்டுக்கு மார்செய் பேரு எப்படி வந்துச்சு? நாட்டோட அந்தக் கடைசியில இருக்குற துறைமுகம் அது. பாட்டு கை மாறி கை மாறி தெக்க போகுது, ஜூன் 22 அன்னிக்கு மிரேர்னு ஒரு இளம் டாக்டர் மார்செய்ல ஒரு விருந்துல எந்திரிச்சு இதப் பாடுறாரு. மறுநாளே பேப்பர்ல வந்துருச்சு, பாரிசுக்கு கிளம்பத் தயாரா இருந்த தொண்டர் படைக்கு பிரிண்ட் போட்டு ஆளுக்கு ஒரு காப்பி குடுத்தாங்க. சுமார் 500 பேரு, ஜூலை 2 கிளம்பி, பீரங்கிய இழுத்துக்கிட்டு, கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர் நடந்து, போற ஊர்ல எல்லாம் பாடிக்கிட்டே ஜூலை 30 பாரிஸ் போய்ச் சேந்தாங்க. நாலு வாரம் ஒரே பாட்டு! பாரிஸ் ஜனங்களுக்கு ரைன் எல்லாம் தெரியாது, இது மார்செய்க்காரங்க பாட்டு, அவ்ளோதான்.

பத்து நாள் கழிச்சு, ஆகஸ்ட் 10, ராஜா இருந்த துயிலரி அரண்மனைய தாக்குன கூட்டத்துல இந்தப் படையும் முன்னாடி நின்னுச்சு. நூத்துக்கணக்குல உயிர் போச்சு, ராஜாவப் புடிச்சு சிறையில போட்டாங்க, செப்டம்பர்ல குடியரசு, அடுத்த ஜனவரியில ராஜா தலையே போயிருச்சு. ராஜாவோட படைக்கு எழுதின பாட்டு, மூணரை மாசத்துல எங்க வந்து நிக்குது பாருங்க.

இப்ப அந்த மூணு பேருக்கு வருவோம். டீட்ரிக், ஆகஸ்ட் 10 சம்பவத்த கண்டிச்சாரு, பதவி போச்சு, சுவிட்சர்லாந்துக்கு ஓடினாரு, திரும்பி வந்தாரு, ஒரு கோர்ட்டு விடுதலை கூட பண்ணுச்சு, ஆனாலும் விடல, 1793 டிசம்பர் 29 கில்லட்டின்ல தலைய வெட்டிட்டாங்க. லுக்னருக்கு அதுக்கு ஒரு வாரம் கழிச்சு, 1794 ஜனவரி 4, அதே கில்லட்டின். லுக்னர் பிறப்பால ஜெர்மன்காரரு, பவேரியாவுல சாம்ங்குற சின்ன ஊரு, அங்க டவுன்ஹால் மணி இன்னிக்கும் தினம் மத்தியானம் 12.05க்கு மார்செய்யேஸ் ட்யூன்தான் அடிக்குது.

ரூஜே த லீலும் ராஜாவ நீக்கினத ஏத்துக்க மாட்டேன்னுட்டாரு. வேலைய விட்டு தூக்கினாங்க, 1793ல ஜெயில்ல போட்டாங்க. வெளிய ஊரே இவரு பாட்டத்தான் பாடுது, இவரு உள்ள கெடக்குறாரு. அந்தத் தலைவெட்டு ஆட்சிய நடத்தின புரட்சித் தலைவர் ரோபெஸ்பியர் கதை முடிஞ்சப்புறம்தான் வெளிய விட்டாங்க.

1795 ஜூலை 14 இத தேசியப் பாட்டுன்னு அறிவிச்சாங்க, ஆனா அதோட முடியல. நெப்போலியனுக்கு இந்தப் பாட்டு ஆகாது, ஜனங்க தெருவுக்கு வந்துருவாங்கங்குற பயம்தான், வேற பாட்ட முன்னுக்குக் கொண்டு வந்தாரு. நம்ம கேப்டன் சும்மா இருந்தாரா, 1804ல அவருக்கே லெட்டர் போட்டு நீங்களும் அழியுறீங்க, பிரான்சையும் சேத்து அழிக்கிறீங்கன்னு எழுதுனாரு. நெப்போலியனுக்கு அப்புறம் வந்த ராஜாங்க பாட்டையே தடை பண்ணிட்டாங்க. கேப்டன் எழுதின வேற பாட்டு எதுவும் பெருசா ஓடல, கடன் ஏறிப்போய் 1826ல அதுக்காகவே ஜெயிலுக்குப் போனாரு. 1830 புரட்சியில பாட்டு திரும்ப தெருவுக்கு வந்துச்சு, இசையமைப்பாளர் பெர்லியோஸ் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு அமைச்சுக் குடுத்தாரு, கேப்டனுக்கு ஒருவழியா பென்ஷன் கெடச்சுது, 1836ல செத்துப் போனாரு. பாட்டு நிரந்தரமா தேசிய கீதம் ஆனது 1879லதான், அவரு போய் 43 வருஷம் கழிச்சு.

முதல் உலகப் போர் நடந்துட்டு இருந்தப்ப, 1915 ஜூலை 14, இவரோட எச்சங்கள எடுத்து பாரிசுக்கு மரியாதையோட கொண்டு வந்தாங்க. நாட்டோட பெரிய ஆளுங்கள வைக்கிற பாந்தியோன்லதான் வைக்கணும்னு பிளான், அதுக்கு சட்டம் போட நேரம் பத்தல, அதனால ஆன்வாலிட்ங்குற ராணுவ நினைவுக் கட்டடத்துல வெச்சாங்க. இன்னும் அங்கதான் இருக்காரு, நெப்போலியன் கல்லறை இருக்குற அதே கட்டடத்துல.