மனு இறங்கும் படிக்கட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு மாவட்டத் தலைநகருக்குப் போகும் டவுன் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். மடியில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் ரேஷன் அட்டை ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், அடியில் பழைய ஒப்புகைச் சீட்டுகள் ஒரு கத்தை என்று நாலைந்து பேராவது உட்கார்ந்திருப்பார்கள். 'எங்கே இறங்கணும்?' என்று கண்டக்டர் அவர்களைக் கேட்பதே இல்லை. திங்கட்கிழமை என்றால் கலெக்டர் ஆபீஸ்தான், மக்கள் குறைதீர்க்கும் நாள்.

நான் முப்பத்தோரு வருஷம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவன். அதில் பெரும்பகுதி மனு வாங்கும் மேசைக்கு அந்தப் பக்கம் கழிந்தது. ஓய்வு பெற்றபின் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறேன். குடிமக்களின் கோரிக்கைகளைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் அழைத்தார்கள். பெரிய தலைப்பு. எனக்குத் தெரிந்தது ஒரு படிக்கட்டுதான். அதைச் சொல்கிறேன்.

கலெக்டர் கையில் நீங்கள் மனுவைக் கொடுக்கிறீர்கள். அவர் வாங்கிப் பார்த்து, ஓரத்தில் இரண்டு வார்த்தை எழுதுகிறார். கணினியில் ஒரு எண் விழுகிறது. அப்புறம் மனு இறங்கத் தொடங்கும். கோட்டாட்சியர், அவருக்குக் கீழே வட்டாட்சியர், அவருக்குக் கீழே வருவாய் ஆய்வாளர், கடைசிப் படியில் கிராம நிர்வாக அலுவலர். நீங்கள் எந்த ஊரிலிருந்து பஸ் ஏறினீர்களோ அதே ஊருக்கு, உங்களுக்குப் பின்னாலேயே மனுவும் வந்து சேர்ந்துவிடும். பல நேரம், யார்மேல் குறை சொல்லியிருக்கிறீர்களோ அவர் மேசைக்கே வரும். அவர் அறிக்கை எழுதுவார். அறிக்கை அதே படிகளில் ஏறும். கடைசியில் உங்களுக்கு ஒரு கடிதம் வரும். வேலி பயிரை மேய்கிறது என்று மனு கொடுத்தால், விசாரிக்க வருவது வேலி.

இதைக் கெட்ட எண்ணம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரே காலையில் நூற்றுக்கணக்கில் மனு வாங்கும் ஓர் அதிகாரி ஒவ்வொரு வரப்பையும் போய்ப் பார்க்க முடியுமா? யாராவது இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர் கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ.தான். நல்ல வி.ஏ.ஓ.க்கள் நிறையப் பேரோடு வேலை பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் நல்லவராக இருந்தால்தான் மனு பிழைக்கும் என்றால் அது என்ன ஏற்பாடு?

நான் செய்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டி மனு கொடுத்திருந்தார். பட்டாவில் அவர் அப்பா பெயர் வேறாக இருந்தது. 'மனுதாரர் உரிய நீதிமன்றத்தை அணுகித் தீர்வு பெற்றுக்கொள்ளலாம்' என்று பதில் தயாரித்தேன். சட்டப்படி பழுதில்லாத வாக்கியம். உரிமைத் தகராறு என்றால் அதுதான் சரியான பதிலும்கூட. பாட்டியின் விஷயமோ வெறும் எழுத்துப் பிழை. கணினியில் ஏற்றும்போது நேர்ந்தது. எங்கள் அலுவலகத்திலேயே திருத்தியிருக்கலாம். மாதக் கடைசி, நிலுவைப் பட்டியல் குறைய வேண்டும் என்ற அவசரத்தில், நான் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் பாட்டி அந்தக் கடிதத்தோடு வந்தார். எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியாது. 'சாமி, இதுல என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு' என்று என்னிடமே நீட்டினார். என் வாக்கியத்தை நானே உரக்கப் படிக்க வேண்டியிருந்தது. பிழையைத் திருத்திக் கொடுத்தோம், சரி. ஆனால் அதே வாக்கியத்தை அதற்கு முன் எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று எண்ணிப் பார்க்கத் துணிவு வரவில்லை.

அலுவலர்கள் கிராமத்துக்கே வந்து மனு வாங்கும் முகாமுக்கு நம்மிடம் 'மனுநீதி நாள்' என்று பெயர். திருவாரூரில் மணி அடித்த பசுவின் கதை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பசுவுக்கு ஒரு வசதி இருந்தது: மணிக்கும் அரசனுக்கும் நடுவே படிக்கட்டு இல்லை. 'தங்கள் முறையீடு இளவரசரின் தேர்ப்பாகனுக்கு அறிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது' என்று யாரும் பசுவுக்குப் பதில் எழுதவில்லை.

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. இந்தப் படிக்கட்டு பழையது. எவ்வளவு பழையது என்பதற்குச் சென்னையிலேயே சாட்சி இருக்கிறது.

1852-இல் கஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற வணிகரும் அவருடைய நண்பர்களும் சென்னைச் சுதேசிகள் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 'கிரசென்ட்' என்று ஆங்கிலப் பத்திரிகையும் நடத்தியவர் அவர். அடுத்த வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி உரிமைச் சாசனம் புதுப்பிக்கப்பட இருந்தது. அந்த நேரம் பார்த்து, சங்கத்தார் இலண்டன் பாராளுமன்றத்துக்கே ஒரு மனு எழுதினார்கள். நிலவரியின் பாரம், நீதிமன்றங்களின் தாமதம், கவனிப்பில்லாத ஏரி, பாலம், சாலை, பள்ளிக்கூடம் என்று பட்டியல் நீண்டது. வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டும் சேர்ந்து கிளம்பியது.

மனு போனதோடு செட்டியார் சும்மா இருக்கவில்லை. டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1853-இல் சென்னை வந்தபோது, அவரை மாவட்டங்களுக்கு அழைத்துப்போய்க் குடியானவர்களோடு நேரில் பேச வைத்தார். சீமோர் திரும்பிப்போய் 1854-இல் பாராளுமன்றத்தில் பேசினார். அங்கே பலர் நம்பவில்லை. சரி, விசாரித்துவிடலாம் என்று அதே வருஷம் மூன்று பேர் கொண்ட ஓர் ஆணையம் சென்னையில் அமைந்தது. சித்திரவதை ஆணையம் என்றே வரலாற்றில் அதற்குப் பெயர்.

அறிவிப்பு ஊர்களுக்குப் போனதும் மனுக்கள் குவிந்தன. இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான முறையீடுகள். சிலர் எழுதி அனுப்பினார்கள். சில நூறு பேர் நேரிலேயே வந்தார்கள். அந்தக் காலத்தில் வயலை விட்டுச் சென்னைக்கு வருவது என்றால் என்ன பாடு, என்ன செலவு என்று நினைத்துப் பாருங்கள். விரல்களை மரக் கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரிக்கும் கிட்டி, ஆளை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள், வெயிலில் முதுகில் கல்லேற்றி நிறுத்துவது, இவையெல்லாம் 1855-இல் வந்த அறிக்கையில் பதிவாகியிருக்கின்றன.

ஆனால் என் பிழைப்பு மனுவோடு என்பதால், அந்த அறிக்கையில் என்னை நிறுத்திய இடம் வேறு. பாதிக்கப்பட்டவனுக்குப் பரிகாரம் கிடைப்பதில் இருக்கும் கஷ்டம்தான் எங்களை எல்லாவற்றையும்விட வருத்தியது என்கிறார்கள் ஆணையத்தார். ஏன் கஷ்டம்? குடியானவன் செலவழித்துக் கலெக்டர் வரை போவான். மனுவின்மேல் 'தாசில்தாரிடம் போ' என்று ஒரு குறிப்பு விழும், அவ்வளவுதான். வரி வசூலிப்பவரும் தாசில்தார். போலீஸ் அதிகாரமும் அவர் கையில். அடித்தவரிடமே போய் அடித்தார்கள் என்று சொல்ல வேண்டும். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் குறிப்பின் இன்றைய வடிவத்தை என் கையாலேயே ஆயிரம் தடவை எழுதியிருக்கிறேன்.

செட்டியாரின் மனுவால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1859-இல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. வரி வசூலும் போலீஸும் பிரிந்தன. ஏழு வருஷம் ஆகியிருக்கிறது. செட்டியாரோ பொதுக் காரியத்திலேயே சொத்தைக் கரைத்து, 1868-இல் ஏழையாகவே இறந்தார்.

நம் காலத்துக்கு வருவோம். 2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீயில் மாண்டது. கந்துவட்டிக் கொடுமை. அதற்குமுன் பலமுறை மனு கொடுத்தவர்கள். இரண்டு சின்னக் குழந்தைகள். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்திருந்தது. அந்தச் சாவுகளுக்குப் பிறகு கலெக்டர் அலுவலக வாசல்களில் பையைச் சோதிப்பது கடுமையாகிவிட்டது. வேண்டியதுதான், பாட்டில் இருந்தால் பிடிபட வேண்டும். ஆனால் அதே பையில் பழைய ஒப்புகைச் சீட்டு எத்தனை இருக்கிறது என்று வாசலில் யாரும் எண்ணுவதில்லை.

அந்தச் சீட்டு லேசான காகிதமில்லை. மனு கிடைத்த மூன்று நாளுக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்று 2015-இல் மாநில அரசு ஆணையே போட்டிருக்கிறது. என் திண்ணைக்கு வருபவர்கள் மனுவின் வாசகத்தைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். 'நல்லா உருக்கமா எழுதுங்க சார்' என்பார்கள். மனுவில் அழ வேண்டாம் என்று நான் சொல்வேன். ஏழை, கைம்பெண், தாங்கள் கருணை கூர்ந்து என்றெல்லாம் அரைப் பக்கம் போனால், படிக்கிற எழுத்தர் கடைசி வரிக்குத் தாவிவிடுவார். நானே தாவியிருக்கிறேன். புல எண், தேதி, என்ன செய்ய வேண்டும், இவை முதல் பத்தியிலேயே இருக்கட்டும். அப்புறம், ஒரு மனுவில் ஒரே விஷயம். சாலை, தண்ணீர்த் தொட்டி, முதியோர் உதவித்தொகை மூன்றையும் ஒன்றாக எழுதினால், மனு முதல் விஷயத்துக்குரிய பிரிவுக்குப் போகும். மற்ற இரண்டும் அங்கேயே உறங்கிவிடும். பெயர் போடாத மொட்டை மனுவை நான் எழுதித் தருவதில்லை. பயந்து எழுதுகிறவர்கள் உண்டு, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மொட்டை மனுவுக்குப் பின்னால் போய் நின்று கேட்க ஆள் கிடையாது.

என் மனைவியின் ஊரில் நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன். சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. மழைக்காலத்தில் பாடையைத் தூக்கிக்கொண்டு சேற்று வயலில் இறங்க வேண்டும். மகளிர் சுயஉதவிக் குழுவினர் மூன்று வருஷமாக 'பாதை வேண்டும்' என்று மனு கொடுத்திருந்தார்கள். 'நிதி ஒதுக்கீடு வந்ததும் பரிசீலிக்கப்படும்' என்று மூன்று முறையும் ஒரே பதில்.

நான் அவர்களிடம் கேட்ட ஒரே கேள்வி, முன்பு பாதை இருந்ததா என்பதுதான். வயசாளி ஒருவர், 'எங்கப்பா காலத்துல மாட்டுவண்டி போகும்' என்றார். உடனே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டோம். 2005-ஆம் வருஷச் சட்டம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமை கிடையாது. ஊரின் நிலங்களைப் புல எண் வாரியாகப் பட்டியலிடும் அ-பதிவேட்டின் நகலும், நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தின் நகலும் கேட்டோம். முப்பது நாள் கெடு. முப்பத்தெட்டாம் நாள் வந்தது. பரவாயில்லை, வந்ததே.

புலப்படத்தில் வண்டிப்பாதை இருந்தது. புறம்போக்கு, தனிப் புல எண்ணோடு. இரண்டு பக்கத்து வயல்களும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து அதைத் தின்றுவிட்டன. அன்றோடு மனுவின் பொருளே மாறிவிட்டது. 'பாதை வேண்டும்' என்றால் அது தயவு, நிதி, பரிசீலனை. 'இந்தப் புல எண்ணில் உள்ள அரசுப் பாதையின் ஆக்கிரமிப்பை 1905-ஆம் வருஷ நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி அகற்றுங்கள்' என்றால் அது கடமை. அதே பெண்கள், அதே சுடுகாடு. ஒரு நகல் கையில் வந்ததும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அந்த நாற்காலியில் இருந்தவன்தானே.

அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானமும் போட்டார்கள். சுலபமாக நடந்துவிடவில்லை. 'அஜெண்டாவுல இல்லை' என்று எழுந்த பேச்சுக்கு, 'எங்க வீட்டுச் சாவும் அஜெண்டாவுல வர்றதில்லை' என்று ஒரு அம்மா சொன்ன பதிலில் கூட்டம் அடங்கிவிட்டது.

பிறகு அவர்களாகவே கண்டுபிடித்த ஒரு வழியை நான் இப்போது மற்ற ஊர்க்காரர்களுக்கும் சொல்லித் தருகிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினார்கள். ஒவ்வொரு திங்களும் கூட்டமாகக் கிளம்பாமல் இரண்டே பேர், முறை வைத்துப் போவார்கள். 2021-இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. நஷ்டம் அன்றைய கூலிதான். அதைக் குழுவில் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். போய், மனு எண்ணைச் சொல்லி, இப்போது எந்தப் படியில் இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, பதிலை நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். சண்டையில்லை, கோஷமில்லை. பதில் சொன்னவரின் பதவியை எழுதும்போது மட்டும் அவர் பார்க்கும்படி எழுதுவார்கள்.

பதினோராவது திங்களுக்குப் பிறகு சர்வேயர் வந்தார். அளந்து கல் நட்டார். அந்த 1905 சட்டத்தின் ஏழாம் பிரிவு அறிவிப்பு பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேருக்கும் போனது. ஒருவர் வரப்பைத் தானாகவே பின்னுக்கு இழுத்துக்கொண்டார். மற்றவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். அவருக்கும் அந்த உரிமை உண்டு.

ஆக இப்போது பாதி தூரம் கிராவல் சாலை, மீதி வயல் வரப்பு. போன மாதம் ஒரு சாவு. கிராவல் முடிகிற இடம் வரை பாடை நேராகப் போயிற்று, அங்கிருந்து வழக்கம்போலச் சேற்றில் இறங்கினார்கள். அன்று சாயங்காலம் நோட்டில் அதையும் எழுதி வைத்தார்கள், இறங்கிய இடத்திலிருந்து சுடுகாடு வரை எத்தனை அடி என்ற அளவோடு. வரும் திங்கள் யார் இருவர் முறை என்பது அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது.

வணக்கம்.